நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம்? ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களை முன்வைத்து

கரிசல்
ஞாயிறு, இரவு 11.42

நண்பர்களுக்கு வணக்கம். மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு மொட்டை மாடிக்குப் போய், அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைக் கேட்கிறேன். 1982இல் வந்தது. கல்லூரி விடுதியில் அறைத் தோழன் போட்டுக் காட்டியபோது, ஒரு கிதாரும் ஒரு மவுத் ஆர்கனும் மட்டும் வைத்துக்கொண்டு இதென்ன பாட்டு என்று எழுந்து போனவன் நான். இப்போது வேறெதுவும் காதில் ஏறவில்லை.

அதில் 'ஜானி 99' என்று ஒரு பாடல். நியூ ஜெர்சியில் மாவா என்ற ஊரில் கார் தொழிற்சாலையை மூடிவிடுகிறார்கள். ரால்ஃப் என்பவன் வேலை தேடி அலைகிறான், கிடைக்கவில்லை. ஒரு நாள் ஜின்னையும் ஒயினையும் கலந்து குடித்துவிட்டு வந்து, இரவு வேலையில் இருந்த ஒரு கிளார்க்கைச் சுட்டுவிடுகிறான். நீதிபதி 98 ஆண்டும், அதன் மேல் ஓர் ஆண்டும் சேர்த்துத் தண்டனை கொடுக்கிறார். கூண்டில் நின்று அவன் பேசுவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நேர்மையான எவனாலும் அடைக்க முடியாத கடன் இருந்தது, வீடு வங்கியின் பிடியில் இருந்தது என்கிறான். அதனால் நான் குற்றமற்றவன் என்று சொல்ல வரவில்லை, ஆனால் என் கையில் துப்பாக்கியை வைத்தது இதையெல்லாம் விடப் பெரிய ஏதோ ஒன்று என்கிறான். கடைசியில், என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அவனே நீதிபதியிடம் கேட்கிறான்.

இந்தப் பாட்டை எழுதிய ஸ்பிரிங்ஸ்டீன்தான் பின்னாளில் 'எழுந்து வா, எழுந்து வா' என்று ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்ந்து பாட வைத்தார். அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையாகக் கேட்கிறேன்: ராக் பாடல்களில் விரக்தி மட்டும்தான் நேர்மையானதா? நம்பிக்கை என்பது கூட்டத்துக்காகப் பின்னால் சேர்த்துக்கொள்வதா?

---

தந்திக்கம்பி
திங்கள், காலை 6.15

தம்பி, முதலில் ஒன்று. இரவில் மாடியில் தனியாக 'நெப்ராஸ்கா' கேட்பதைக் கொஞ்ச நாள் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஆல்பம் எந்த நிலையில் பிறந்தது என்று தெரிந்ததால் சொல்கிறேன். 1982 ஜனவரித் தொடக்கத்தில், நியூ ஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில் வாடகை வீட்டில் உட்கார்ந்து, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றில் அவர் தனியாகப் பதிவு செய்தது அது. இசைக்குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரியாகத்தான் பதிந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். பாட்டு உயிரை விட்டுவிட்டது. உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே கடைசியில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அவர் காரில் நாட்டைக் குறுக்கே கடந்து போகும்போது, டெக்சாஸில் ஒரு சிற்றூரில் மனம் உடைந்து போனதையும், அதன் பிறகு மருத்துவ உதவியை நாடியதையும் 2016இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்களை எழுதியவரே அவற்றோடு தனியாக இருந்து சமாளிக்கவில்லை. நீங்களும் தனியாக இருக்க வேண்டாம்.

இனி பாட்டுக்கு வருகிறேன். மாவாவில் ஃபோர்டு தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது நிஜம். மூடிய சூடு ஆறுவதற்குள் அந்தப் பாட்டு எழுதப்பட்டது. ஆனால் அதன் தாளத்தைக் கவனித்தீர்களா? ஒப்பாரி போல இழுக்கவில்லை. 1950களின் ராக்கபில்லி ஓட்டம், அதாவது துள்ளலான பழைய ராக் நடை. கால் தானாகத் தாளம் போடும். நடுவில் மனிதர் ஊளையிடுகிறார். சொற்களை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் கிடைக்காத ஒன்று அந்த ஓட்டத்தில் இருக்கிறது. சாகக் கேட்பவனின் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அது சொல்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு செய்தி. 'நேர்மையான எவனாலும் அடைக்க முடியாத கடன்' என்ற அந்த வரி, அதே ஆல்பத்தின் 'அட்லாண்டிக் சிட்டி' பாடலிலும் வருகிறது. அங்கே வேறொருவன் சொல்கிறான். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தனித்தனியாக அவமானப்பட்டு நிற்கும் இரண்டு பேர் வாயில் ஒரே வாக்கியத்தை வைத்தால், அது தனி மனிதனின் தோல்வி இல்லை என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். பிரசங்கம் செய்யாமல் அதைச் செய்திருக்கிறார்.

---

வைகறை
திங்கள், முற்பகல் 10.03

கரிசல், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நம்பிக்கை என்ற சொல்லை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தாவதும் நஞ்சாவதும்.

1984 செப்டம்பர் 19ஆம் தேதி, அப்போதைய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்காக நியூ ஜெர்சியில் ஹாமன்டன் என்ற ஊருக்கு வந்தார். அங்கே பேசும்போது, இந்த மண்ணின் மைந்தர் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் உள்ள நம்பிக்கைச் செய்தி என்று புகழ்ந்தார். அந்த ஆண்டு கோடையில் வெளிவந்து எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த பாடல் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'. அந்தப் பாட்டில் வருகிறவன் யார்? வியட்நாமுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவன். சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான். என் கையில் இருந்தால் கொடுத்திருப்பேன் தம்பி என்கிறார் ஆள் எடுப்பவர். முன்னாள் படைவீரர் நலத் துறைக்குப் போகிறான். அங்கும் அதே கதை. வியட்நாமில் கே சான் என்ற இடத்தில் சண்டையிட்ட சகோதரனைப் பற்றிச் சொல்கிறான். எதிரிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவன்தான் இல்லை. அந்த வரிக்குப் பிறகு வழக்கமாக வர வேண்டிய பல்லவி வராது. இசை மட்டும் போகும். அந்த வெற்றிடத்தில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறேன்.

சில நாட்கள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபர் என் பெயரைச் சொன்னாராம், அவருக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்தேன், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று நினைக்கிறேன் என்ற பொருளில் பேசிவிட்டு, எதைப் பாடினார் தெரியுமா? உங்கள் 'ஜானி 99'ஐத்தான். எஃகு ஆலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த ஊரில், அந்த ஊர்க்காரர்கள் முன்னால்.

ஆகவே, உங்களுக்குக் கோபம் வருவது நம்பிக்கையின் மீது என்று எனக்குத் தோன்றவில்லை. வலியைக் கேட்காமல் அதைத் தாண்டிப் போகச் சொல்கிறவர்கள் மீது.

---

நெய்தல்
திங்கள், பிற்பகல் 1.30

எல்லோரும் உருகுகிறீர்கள். மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

அந்த 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' ஆல்பம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. ஏழு பாடல்கள் அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தன. வேலை இழந்தவனின் கண்ணீரைப் பாடி ஒருவர் பெரும் செல்வந்தரானார். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் 2017இல் அவரே சொன்னார்: தொழிற்சாலைக்குள் கால் வைத்ததில்லை, ஆனால் நான் எழுதியதெல்லாம் அதைப் பற்றித்தான் என்று. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஒப்புக்கொண்டால் சரியாகிவிடுமா?

இன்னொன்று. 1985 கடைசியில், அவருடைய சொந்த ஊரான ஃப்ரீஹோல்டில் 3எம் நிறுவனம் தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது, அவரும் பாடகர் வில்லி நெல்சனும் மூட வேண்டாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வேண்டினார்கள். 1986 ஜனவரியில் ஆஸ்பரி பார்க்கில் ஸ்டோன் போனி அரங்கில் தொழிலாளர்களுக்காகப் பாடினார். ஆலையை மூடிவிட்டார்கள். அவ்வளவுதான். உலகத்தின் மிகப் பெரிய ராக் பாடகர், புகழின் உச்சியில், சொந்த ஊரின் ஒரே ஓர் ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. பாட்டால் என்ன ஆகும் என்று கரிசல் கேட்டால், இதுதான் பதில் என்று சொல்வேன். கசப்பாக இருந்தாலும் நண்பருக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

---

பழைய ரேடியோ
திங்கள், மாலை 5.20

நெய்தல், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைச் சுற்றி வளைக்காமல் எதிர்கொள்கிறேன். எனக்கு வயது 66. ஆங்கிலப் பாட்டை முதலில் சிற்றலை வானொலியில் கேட்டுப் பழகியவன்.

எங்கள் ஊரில் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க வரும் ஒரு பாட்டி இருந்தார். செத்தவர் அவருக்கு உறவு இல்லை. பல நேரம் நேரில் பார்த்ததுகூட இருக்காது. வந்து உட்கார்ந்ததும் பெண்டாட்டியிடமும் பிள்ளைகளிடமும் மெல்லிய குரலில் கேட்பார்: என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பிடுவார், எந்தப் பக்கம் படுப்பார், கடைசியாக என்ன கேட்டார். பிறகு எல்லாம் பாட்டில் வரும். வெற்றிலைச் செல்லம் வரும், அறுந்த செருப்பு வரும், கட்டாமல் விட்ட சுவர் வரும். 'உனக்கு யார் செத்தார்கள் என்று அழுகிறாய்?' என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. விவரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். தப்பாகச் சொன்னால் அந்த வீட்டுப் பெண் நடுவிலேயே திருத்துவாள்.

நான் ஸ்பிரிங்ஸ்டீனை அப்படித்தான் அளக்கிறேன். பணம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. விவரம் சரியா? யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதினாரா?

'தி ரிவர்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்த ஆல்பம். பாட்டை முந்தைய ஆண்டே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அணுசக்தி எதிர்ப்புக் கச்சேரியில் பாடிவிட்டார். அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும்தான் கரு. சின்ன வயதில் கல்யாணம், உடனே குழந்தை, கட்டட வேலை, பிறகு அந்த வேலையும் இல்லை. பாட்டில் வருகிறவனுக்குப் 19ஆம் பிறந்தநாளுக்குக் கிடைப்பவை இரண்டு: தொழிற்சங்க அட்டை ஒன்று, கல்யாணக் கோட்டு ஒன்று. கல்யாணத்தில் பூவும் இல்லை, சிரிப்பும் இல்லை. முதல் முறை பாடியபோது கூட்டத்தில் தங்கை இருந்தார். மேடைக்குப் பின்னால் வந்து கட்டிக்கொண்டு, அது என் வாழ்க்கை என்றாராம். அந்த வீட்டுப் பெண் திருத்தவில்லை. எனக்கு அது போதும்.

அந்தப் பாட்டின் கேள்வியையும் கரிசல் கவனிக்க வேண்டும். கனவு பலிக்காமல் போனால் அது பொய்யா, இல்லை அதைவிட மோசமான ஏதாவதா? கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல், வறண்டு போன ஆற்றுக்கே அந்த இருவரும் திரும்பப் போகிறார்கள். போகிறார்கள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது.

---

வைகறை
திங்கள், மாலை 6.48

> விவரம் சரியா? யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதினாரா?

ஐயா, இதை இனி நான் எந்தப் பாட்டைக் கேட்டாலும் நினைத்துக்கொள்வேன்.

இந்த அளவுகோலில் 'அமெரிக்கன் ஸ்கின்' பாடலை வைத்துப் பார்க்கிறேன். 1999 பிப்ரவரி 4ஆம் தேதி, நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில், தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞரை நான்கு போலீசார் சுட்டார்கள். வயது 23. கையில் ஆயுதம் எதுவும் இல்லை, பணப்பையைத்தான் எடுத்தார். 41 குண்டுகள், 19 உடலில் பட்டன. மறு ஆண்டு நான்கு பேரும் விடுதலையானார்கள்.

ஸ்பிரிங்ஸ்டீன் அந்த ஆண்டு ஜூனில் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கியதும், நியூயார்க் போலீஸ் சங்கம் அவருடைய கச்சேரியைப் புறக்கணிக்கச் சொன்னது. போலீசைத் திட்டும் பாட்டு என்று நினைத்துக் கேட்டால் திடுக்கிடுவீர்கள். தொடக்கத்திலேயே, சுட்டவர் அந்த உடலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, உயிர் பிழைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்த காட்சியில் ஒரு தாய் மகனைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்ப்படுத்துகிறாள். போலீஸ்காரர் நிறுத்தினால் மரியாதையாகப் பேசு, ஒருபோதும் ஓடாதே, கையை அவர்கள் கண்ணில் படும்படி வை என்று சத்தியம் வாங்குகிறாள். சாப்பாட்டு டப்பா கொடுத்து அனுப்பும் நேரத்தில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதா இது? நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும்போது அந்தத் தாய் நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

இந்தப் பாட்டில் நம்பிக்கை என்ற பேச்சே கிடையாது. ஆனால் கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே வாசலில் வைத்து இருவரையும் மனிதராகப் பார்க்க ஒருவரால் முடிந்திருக்கிறது. சமூக மனசாட்சி என்று நாம் சொல்வது இந்தப் பார்வையைத்தான் என்று நினைக்கிறேன்.

---

தந்திக்கம்பி
திங்கள், இரவு 9.10

இழை ஒருவரையே சுற்றுகிறது என்பதால் வேறு ஒருவரையும் இங்கே அழைக்கிறேன். அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்', 1988. அந்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாள் கச்சேரி. அவர் அப்போது சிறையில் இருந்தார். சாப்மன் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார். ஸ்டீவி வொண்டரின் கருவியில் சிக்கல் வந்து மேடை காலியாக நின்றபோது, சாப்மனை மறுபடி அழைத்தார்கள். அந்த மைதானத்தில் ஒரே ஒரு கிதாரோடு நின்று இந்தப் பாட்டைப் பாடினார். மறுநாளிலிருந்து உலகத்துக்கு அவரைத் தெரியும்.

குடிகாரத் தகப்பனைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிப் படிப்பை விட்ட பெண், காதலனின் காரில் ஏறி ஊரை விட்டுப் போகிறாள். கடையில் வேலை, பதவி உயர்வு, தனி வீடு என்று கனவு. வேலை கிடைக்கிறது, குடும்பத்தை அவள் சம்பளம் தாங்குகிறது, அவனோ மதுக்கடையில் கிடக்கிறான். எதிலிருந்து ஓடினாளோ அதே வீட்டைத் தன் கையால் கட்டியிருக்கிறாள். கடைசியில் வருவது முதலில் வந்த அதே கார், ஏறக்குறைய அதே சொற்கள். ஆனால் இப்போது, நீ வேண்டுமானால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போ என்கிறாள். தான் போவதாகச் சொல்லவில்லை.

இதை விரக்திப் பாட்டு என்று வகைப்படுத்த என்னால் முடியவில்லை. ஓடித் தப்பிக்கலாம் என்று தொடங்கியவள், நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

---

எடிசன்வாசி
செவ்வாய், அதிகாலை 4.25

நியூ ஜெர்சியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஃப்ரீஹோல்ட் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி நேரம். நெய்தல் 3எம் ஆலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஊரில் முதலில் மூடியது 3எம் இல்லை. காரகூசியன் என்ற விரிப்பு ஆலை ஒன்று இருந்தது. 1960களில் ஊரை விட்டுப் போய்விட்டது. ஸ்பிரிங்ஸ்டீனின் தந்தை அந்த ஆலையிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். பிறகு சிறைக் காவலர், பஸ் ஓட்டுநர் என்று பல வேலை. வேலையே இல்லாத நாட்களும் உண்டு. இருட்டான சமையலறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பற்றி அவர் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வீட்டில் தவறாமல் வேலைக்குப் போய் வந்தவர் அம்மா. சட்ட அலுவலகத்தில் செயலாளர். ஆகவே, அவர் தொழிற்சாலைக்குள் போகவில்லை என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலை அவர் வீட்டுக்குள் வந்திருந்தது.

போன இலையுதிர் காலத்தில் என் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். இன்ஸ்டிட்யூட் தெருவில் அவர்கள் குடியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. சாதாரண இரட்டை வீடு. செயின்ட் ரோஸ் தேவாலயத்தை ஒட்டியிருந்த முதல் வீடு இல்லை; இடித்துப் பல காலம் ஆகிறது. மெயின் தெருவில் 'மை ஹோம்டவுன்' பாட்டில் வரும் சுண்ணாம்பு அடித்து மறைத்த கடைக் கண்ணாடிகளை நான் பார்க்கவில்லை. கடைகள் திறந்திருந்தன. பாதிப் பலகைகள் ஸ்பானிய மொழியில். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் அந்த ஊரை மறுபடி நிரப்பியிருக்கின்றன. பாட்டில் அந்த ஆலை மேஸ்திரி சொல்கிறார் அல்லவா, வேலைகள் போகின்றன பையன்களே, திரும்பி வராது என்று. அவர் சொன்னது சரி. வேலைகள் திரும்பவில்லை. மனிதர்கள் வந்தார்கள், வேறு மனிதர்கள்.

அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று ஒரு முறை பாருங்கள். தொடக்கத்தில் எட்டு வயதுப் பையன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பழைய ப்யூக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான். நன்றாகப் பார், இது உன் ஊர் என்கிறார் அப்பா. நடுவில் நிறவெறிச் சண்டை, துப்பாக்கிச் சூடு, மூடிய ஆலை. கடைசியில் அந்தப் பையனுக்கு 35 வயது. தெற்கே போய்விடலாமா என்று இரவு படுக்கையில் மனைவியோடு பேசுகிறான். போகப்போகிறான் என்றே தோன்றுகிறது. போவதற்கு முன் தன் மகனை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்து அதே சொற்களைச் சொல்கிறான். விட்டுப் போகப்போகிற ஊரை எதற்கு மகனுக்குக் காட்ட வேண்டும்? நானும் ஓர் ஊரை விட்டு வந்தவன். மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

---

நெய்தல்
செவ்வாய், காலை 8.40

எடிசன்வாசி, நன்றி. என் வாதத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறேன். தொழிற்சாலை வீட்டுக்குள் வந்த கதை எனக்குத் தெரியாது.

ஆனாலும் கரிசல் கேட்ட மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது. 'ரீசன் டு பிலீவ்' பாட்டில், செத்துக் கிடக்கும் நாயைக் குச்சியால் குத்தி, அது எழுந்து ஓடிவிடும் என்பது போல நெடுஞ்சாலையில் ஒருவன் நிற்கிறான். மணப்பெண் வராமல் ஆற்றங்கரையில் மாப்பிள்ளை நிற்கிறான். இருந்தும் மனிதர்கள் ஒவ்வொரு நாள் முடிவிலும் நம்புவதற்கு ஏதோ ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்களே, எனக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று பாடுகிறார். இதை நம்பிக்கைப் பாட்டு என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அது கையை விரித்துவிட்ட பாட்டு. 'நெப்ராஸ்கா'வின் கடைசிப் பாட்டு அதுதான் என்பதையும் மறக்காதீர்கள்.

---

தந்திக்கம்பி
செவ்வாய், காலை 9.05

அதில் நான் உங்கள் பக்கம்தான், நெய்தல். அந்தக் குரலில் ஆறுதல் இல்லை.

'எழுந்து வா' பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்' கூட்டத்துக்காக எழுதியது இல்லை, கரிசல். பாழடைந்து கிடந்த ஆஸ்பரி பார்க் ஊருக்காக எழுதி, 2000 டிசம்பரில் அந்த ஊரிலேயே பாடியது. 2001 செப்டம்பர் 21 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிய பிறகுதான் அதன் பொருள் விரிந்தது. அதன் தொடக்கம் என்ன? தேவாலயக் கதவு திறந்து கிடக்கிறது, ஆர்கன் ஒலி கேட்கிறது, உள்ளே வழிபட ஆள் இல்லை. பலகை அடித்த ஜன்னல்கள், வெறுந்தெரு. அத்தனையையும் சொன்ன பிறகுதான் 'எழுந்து வா' வருகிறது. சரணத்தில் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டு, பல்லவியில் காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டு என்று அவர் தன் பாடல் கட்டும் முறையைச் சொல்வார். கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து வந்த முறை அது. சரணத்தைக் கேட்காமல் பல்லவியை மட்டும் எடுத்தால் ரீகன் செய்ததுதான் நடக்கும்.

---

பழைய ரேடியோ
செவ்வாய், காலை 11.30

கரிசல் தம்பி ஒரு நாளாகப் பேசவில்லை. நலம்தானே? ஒரு வரி போடுங்கள்.

உங்கள் அப்பா பஞ்சாலையில் இருந்தவர் என்று வேறொரு இழையில் எழுதியது நினைவிருக்கிறது. முடிந்தால் 'யங்ஸ்டவுன்' பாட்டை அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். 1995இல் வந்தது. ஒஹாயோவில் யங்ஸ்டவுன் பகுதி எஃகு ஆலைகளின் வரலாறு. 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை. கேம்ப்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போனது. அந்த வட்டாரத்தில் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். வேலை இழந்து ரயில் ஏறி அலைந்தவர்களோடு கூடவே அலைந்து டேல் மஹாரிட்ஜும் மைக்கேல் வில்லியம்சனும் எழுத்தும் படமுமாக ஆக்கிய நூல் ஒன்று உண்டு. தூக்கம் வராத ஓர் இரவில் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய பாட்டு இது. தூக்கம் வராத இரவு உங்களுக்கு மட்டும் இல்லை, தம்பி.

---

கரிசல்
புதன், இரவு 8.15

மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றை இரண்டு முறை. பதில் எழுத வார்த்தை வரவில்லை.

ஐயா சொன்னபடி நேற்றுச் சாயங்காலம் 'யங்ஸ்டவுன்' பாட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொன்னேன். வேலை போனதிலிருந்து நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில்கூட அதிகம் பேசுவதில்லை. அவருடைய ஆலை மூடியபோது எனக்கு ஒன்பது வயது. அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வானத்தை நோக்கிக் கடவுளின் கைகளைப் போல உயர்ந்த புகைபோக்கிகள், கரியும் மண்ணும் கலந்த அழகான வானம் என்று சொன்னபோது, 'நிறுத்து' என்றார். 'அழகான வானம் என்றா சொல்கிறான்?' 'ஆமாம் அப்பா.' 'காலை ஷிப்ட்டுக்கு ஐந்தரை மணிக்கு சைக்கிளில் போகும்போது எங்கள் சிம்னி தூரத்திலேயே தெரியும்' என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் உங்களைப் பணக்காரர்களாக்கினேன், என் பெயரை மறந்துபோகிற அளவுக்குப் பணக்காரர்களாக்கினேன் என்ற வரியில் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். பல்லவியில் ஜென்னி, ஜென்னி என்று வருகிறதே, அது யார், பெண்டாட்டியா என்று கேட்டார். இல்லை அப்பா, அது இரும்பு உருக்கும் உலை. முதலாளியின் மகள் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள் என்றேன். உலைக்கா பெயர் என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். 'நூல் நூற்கிற எங்கள் ரிங் பிரேமுக்குப் பெயர் கிடையாது. நம்பர்தான். பதினேழு. ஏலத்தில் போன பிறகு பழைய இரும்புக்கு ஏற்றிக்கொண்டு போன லாரியில் பார்த்தேன். மஞ்சள் பெயின்ட்டில் 17 என்று அப்படியே இருந்தது.'

ஜென்னி இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். 1997இல் இடித்துவிட்டார்கள் என்றேன்.

பாட்டின் கடைசியில் அவன், எனக்குச் சொர்க்கம் வேண்டாம், அங்கே என்னால் வேலை பார்க்க முடியாது, பிசாசு வந்து என்னை நரகத்தின் உலைகளுக்கு முன்னால் நிறுத்தட்டும் என்கிறான். இதை நான் இதுவரை விரக்தியின் உச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா வேறு மாதிரி கேட்டிருக்கிறார். 'அவனுக்குத் தெரிந்த வேலை சொர்க்கத்தில் கிடையாது. வேறென்ன செய்வான்?' என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வது போல. பிறகு, பாடுகிறவர் அந்த ஊர்க்காரரா என்று கேட்டார். இல்லை, அவருடைய அப்பா வேறொரு ஊரில் விரிப்பு ஆலையில் இருந்தவர் என்றேன். 'ஓ, ஆலைக்காரன் மகன்' என்றார்.

சாப்பிட உட்கார்ந்தபோது, உன் ஆபீசில் உங்கள் எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று முதல் முறையாகக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொருவரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் யாருக்கும் போன் செய்ததே இல்லை. இன்று காலை மூன்று பேருக்குச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை 'மை ஹோம்டவுன்' போட வேண்டுமாம். அதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 'ஹோம்டவுன்' என்பதற்குப் 'பிறந்த ஊர்' என்று போட்டால் அப்பாவுக்குச் சரியாகப் போய்ச் சேருமா?

---

எடிசன்வாசி
புதன், இரவு 9.02

சொந்த ஊர் என்று போடுங்கள்.